கொக்குச் சோதனை: லினக்ஸில் அச்சுக்கோப்பு

1970-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிலர் புதுக் கணினி ஒன்று கேட்டார்கள். இயக்குதளம் எழுதப்போகிறோம் என்றால் நிர்வாகம் பணம் தராது. அப்படியொரு திட்டத்தில் அப்போதுதான் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதனால் ஆவணங்களைத் தயாரிக்கும் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லி பிடிபி-11 என்ற கணினியை வாங்கினார்கள். அதில் வளர்ந்ததுதான் யூனிக்ஸ். முதலில் அதைப் பயன்படுத்தியவர்களில் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்களும் உண்டு. யூனிக்ஸின் வழியில் வந்த லினக்ஸில் இன்றும் உதவிப் பக்கங்களைப் பெரும்பாலும் வடிவமைத்துத் தருவது ‘க்ராஃப்’. அந்தக் கால ஆவணத் தயாரிப்பு மென்பொருளின் வாரிசு.

ஆக, லினக்ஸுக்கு அச்சுக்கோப்பு புதிதல்ல. ஆனால் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அதில் வடிவமைக்க உட்காருபவர் குழம்பத்தான் செய்வார். டிடிபி கடைகளில் கோலோச்சிய பேஜ்மேக்கரும், அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைனும் லினக்ஸுக்கு வந்ததே இல்லை. மாற்றாக இலவசமாகக் கிடைப்பவையோ நாலைந்து. எதை எடுப்பது?

‘கொக்கு’ என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். பேஜ்மேக்கர் காலத்து எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு துணைக்கால். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. எழுத்துருவை மாற்றினால் கொக்கு பறந்துவிடும். பக்கத்தில் மிஞ்சுவது புரியாத கிறுக்கல். யூனிகோடு ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் ‘க’, அதன் பின் ‘ஒ’கரக் குறி, பிறகு ‘க’, புள்ளி, ‘க’, உகரக் குறி என ஆறு குறியீடுகள். கொம்பைத் தூக்கி ‘க’வுக்கு இடப்பக்கம் வைப்பதும், புள்ளியைத் தலைமேல் ஏற்றுவதும், ‘கு’வுக்கு உரிய வடிவத்தைத் தேடி எடுப்பதும் மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். புள்ளி தனியே மிதக்கும்.

கட்டற்ற மென்பொருள் உலகில் இந்தப் பொறுப்பை இப்போது பெரும்பாலும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற நிரலகம் சுமக்கிறது. எழுத்துரு வடிவமான ‘ஓபன்டைப்’ என்பதன் பாரசீக மொழிபெயர்ப்பே அந்தப் பெயர். ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதென்றால் அதில் இதற்கும் பங்குண்டு.

இனி கருவிகளுக்கு வருவோம். கடிதம், விண்ணப்பம், சிறு மலர் என்றால் லிப்ரே ஆபீஸ் போதும். சுவரொட்டி, அழைப்பிதழ், படங்கள் நிறைந்த இதழ் என்றால் ஸ்க்ரைபஸ். பேஜ்மேக்கரில் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது. பெட்டி வரைந்து, உள்ளே எழுத்தை ஊற்றலாம். ஆனால் அதன் பழைய 1.4 வரிசைப் பதிப்புகளில் கொக்கு உடைந்துபோகும். அரபு எழுத்துக்காக ஓமானில் நடந்த உழைப்பின் பலனாக 2017-ல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில்தான் இந்திய எழுத்துகளுக்கும் வழி பிறந்தது. அந்த வசதியோடு நிலையான 1.6 பதிப்பு வெளிவந்தது 2024-ல். எனவே ஸ்க்ரைபஸை நிறுவும்போது பதிப்பு எண்ணைப் பார்ப்பது முக்கியம்.

முந்நூறு பக்க நாவலோ ஆய்வு நூலோ என்றால் கதை வேறு. 1977-ல் தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கான மெய்ப்புகளைப் பார்த்துக் கணினி விஞ்ஞானி டொனால்ட் நூத் நொந்துபோனார். ஈய எழுத்தில் வந்த பழைய பதிப்பின் அழகு புதிய ஒளி அச்சில் இல்லை. தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் ‘டெக்’. சீக்கிரம் முடியும் என்று தொடங்கிய வேலை சுமார் பத்தாண்டுகளை விழுங்கியது. அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘பை’ மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நகரும், 2021-ல் 3.141592653.

டெக்கின் சிறப்பு வரி பிரிப்பதில் இருக்கிறது. சாதாரண எழுதுசெயலி ஒரு வரியை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். பின்னால் என்ன வரும் என்று பார்க்காது. டெக் பாராவை முழுசாக எடுத்துக்கொள்ளும். ஒரு வரியில் சொல் இடைவெளி அனுமதித்த அளவுக்கு முழுதும் விரிந்தால் 100 குற்றப்புள்ளி. அதைப் போல் இரண்டு மடங்கு விரிந்தால் 800. அசிங்கம் கூடக்கூடத் தண்டனை முப்படி விகிதத்தில் ஏறும். எல்லா வரிகளையும் சேர்த்துக் குற்றம் குறைவான பிரிவைத் தேர்ந்தெடுக்கும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்று நீளும் சொற்கள் உள்ள தமிழில் இந்தக் கணக்கு இல்லாவிட்டால் பக்கம் நடுவே வெள்ளை ஓடை ஓடும். சொல்லை எங்கே வெட்டலாம் என்பதற்கான தமிழ் விதிகளும் டெக் தொகுப்பில் இருக்கின்றன. இருந்தாலும் வரி ஒற்றெழுத்தில் தொடங்கியிருக்கிறதா என்று மெய்ப்பில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மூல டெக்கில் தமிழ் நேரடியாக வராது. அதன் பிள்ளைகளான ஸீடெக், லுவாடெக் இரண்டும் யூனிகோடைப் புரிந்துகொள்ளும். கட்டளைகளை எழுதிப் பழக வேண்டும். முதல் வாரம் எரிச்சல் வரும். அதற்கு அஞ்சுபவர்கள் 2023-ல் திறந்த மூலமாக வந்த ‘டைப்ஸ்ட்’டை முயலலாம், கட்டளைகள் எளிது, விளைவு உடனே திரையில் தெரியும்.

எதை எடுத்தாலும் முடிவு செய்யுமுன் ஒரு சோதனை. ‘கொக்கு’ என்று அடித்துப் பிடிஎஃப் ஆக்குங்கள். பிறகு அந்தப் பிடிஎஃபில் ‘கொக்கு’ என்று தேடுங்கள். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். அச்சில் அழகாகத் தெரிந்தும் தேடலில் சிக்காத கொக்குகள் ஏராளம். மென்பொருள்கள் வரும், போகும். யூனிகோடில் வெறும் உரையாகச் சேமித்த மூலப்படி கையில் இருந்தால், நாளைக்கு எந்தக் கருவியிலும் அந்தப் புத்தகத்தை மறுபடி கோத்துக்கொள்ளலாம்.