புறா பெருகுது, குருவி குறையுது: கடலூர், சிதம்பரத்தில் பறவைகளுக்கு என்ன ஆகிறது?

செல்போன் டவர் வந்துச்சு, சிட்டுக்குருவி போச்சு. '2.0' படம் பார்த்த பலருக்கும் இன்றுவரை மனதில் நிற்பது இந்த ஒரு வரிதான். 2018-ல் வந்த அந்தப் படத்தில் அக்‌ஷய் குமாரின் பக்‌ஷிராஜன் பாத்திரம் இதைச் சொல்லித்தான் தியேட்டரில் பலரைக் கண்கலங்க வைத்தது. மார்ச் 20, உலக சிட்டுக்குருவிகள் தினத்தன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபார்வர்டுகளும் இதையேதான் சொல்கின்றன. ஆனால், டவர் கதிர்வீச்சுதான் குருவிகளை ஒழித்தது என்பதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இதுவரை இல்லை. குருவி மொத்தமாக அழிந்துவிடவும் இல்லை.

அப்படியென்றால் நகரத்தில் பறவைகளுக்கு என்னதான் ஆகிறது? இதைத் தெரிந்துகொள்ள சென்னை வரை போக வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான சுமார் 45 கிலோமீட்டர் போதும். ஒரு பக்கம் கடலும் கழிமுகங்களும். இன்னொரு பக்கம் வயலும் ஏரிகளும். இடையில் சிப்காட் தொழிற்பேட்டை, விரிவாகிக்கொண்டிருக்கும் நெடுஞ்சாலை. 2021-ல் மாநகராட்சியான பழைய துறைமுக ஊர் ஒரு முனையில், கோயிலைச் சுற்றியே வளர்ந்த ஊர் மறுமுனையில். ஒரு நகரம் பறவையை என்னவெல்லாம் செய்யும் என்பதை இந்த ஒரே ரூட்டில் பார்த்துவிடலாம்.

குருவிக்கு வீடு இல்லை, குஞ்சுக்குச் சோறு இல்லை

முதலில் குருவி கணக்கு. 2020-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை சுமார் 25 ஆண்டுகளாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றது. சரிவு தெரிந்தது பெருநகரங்களில்தான். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா என ஆறு நகரங்களிலும் குருவி மெல்ல மெல்லக் குறைந்திருந்தது. டவர் கிராமத்திலும் இருக்கிறது, குருவியும் இருக்கிறது. ஆக, நகரத்தில் வேறு எதுவோ மாறியிருக்கிறது.

மாறியது நம்ம வீடு. ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அளவு இடைவெளி இருக்கும். போட்டோ ஃப்ரேமுக்குப் பின்னாடி, டியூப் லைட் பட்டிக்கு மேலே என்று எங்கேயாவது நாலு வைக்கோலைச் செருகி குருவி குடித்தனம் நடத்தும். கான்கிரீட் வீட்டிலும் கண்ணாடி ஜன்னலிலும் அந்தச் சந்து கிடையாது. அடுத்தது சாப்பாடு. திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்தபோது குருணையும் நொய்யும் வாசலில் சிந்தும். மளிகைக் கடை வாசலில் சாக்கு மூட்டை வாய் திறந்து இருக்கும். இன்று அரிசி கல் நீக்கி பாக்கெட்டில் வருகிறது. வாசலில் சிமென்ட் தரை, அதில் சிந்துவதற்கு எதுவும் இல்லை.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு பூச்சிதான் உணவு. வேலிச் செடி, கொல்லைப்புறம், மாட்டுக் கொட்டகை இருந்தவரை அது தாராளமாகக் கிடைத்தது. மரப்பெட்டி வாங்கி மாடியில் மாட்டி, கம்பு போட்டு, தண்ணீரும் வைத்த பிறகும் குருவி வரவில்லை என்று பலர் வருத்தப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டி கிடைக்கிறது, பூச்சி கிடைப்பதில்லை. பால்கனியில் நாலு தொட்டியில் அலங்கார இலைச்செடி வளர்ப்பதை விட, தெருவோரம் பூச்சிக்கொல்லி படாத ஒரு புதர் இருப்பது குருவிக்கு உருப்படியான உதவி.

கோபுரம் என்கிற அடுக்குமாடி

சந்து பொந்து தேவைப்படுவது குருவிக்கு மட்டும் இல்லை. கிளி, மைனா, புள்ளி ஆந்தை, கூகை, பனங்காடை என்று பெரிய பட்டியலே இருக்கிறது. இவற்றால் சொந்தமாக மரத்தைக் குடைந்து கூடு செய்ய முடியாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்டுப் போன பொந்து, மரம் தானாக உளுத்து உருவான பொந்து, இல்லையென்றால் பழைய கட்டடத்தின் ஓட்டை. இதில் ஏதாவது ஒன்று வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில் கோபுரங்கள் நூற்றாண்டுகளாக இந்த வேலையைச் செய்துவந்திருக்கின்றன. சிதம்பரம் நடராஜர் கோயிலில் திசைக்கு ஒன்றாக நான்கு ஏழு நிலைக் கோபுரங்கள். பறவையின் கண்ணில் அது ஆயிரக்கணக்கான விளிம்பும் நிழலும் இடுக்கும் கொண்ட பாறை மலை. நாட்டு உழவாரன் என்கிற, எந்நேரமும் பறந்துகொண்டே இருக்கும் சின்னப் பறவை, இறகும் புல்லும் எச்சிலும் கலந்து கூடு ஒட்டுவதற்கு இப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடும். பொதுவாகக் கோபுரத் திருப்பணி நடக்கும்போது விரிசலும் ஓட்டையும் அடைபடும், வண்ணம் பூசுவார்கள், புறாவைத் தடுக்க வலையும் கட்டுவார்கள். கட்டடத்துக்கு இது தேவையான வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. செடி முளைத்தால் கோபுரமே பிளந்துவிடும். ஆனால் அந்த வலை புறாவை மட்டும் தடுக்காது. கூகையையும் சேர்த்துத்தான் தடுக்கும். வயல் எலியைத் தின்று விவசாயிக்கு உதவும் பறவை அது.

மரப் பொந்துகளின் கதை இன்னும் கஷ்டம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலை இந்த மாவட்டம் மறக்காது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தோட்டத்துக்காரர்களுக்கு அது வாழ்வாதார இழப்பு. பறவைகளுக்கு வாழ்ந்த வீடே போனது. இன்னொரு பக்கம், கடலூர், சிதம்பரம் வழியாகப் போகும் விழுப்புரம் - நாகப்பட்டினம் நெடுஞ்சாலை நான்குவழியாகிறது. சாலை அகலமாகும் இடத்தில் எல்லாம் முதலில் போவது ஓரத்துப் புளியமரமும் ஆலமரமும்தான். ஒரு மரத்துக்குப் பதில் பத்து கன்று நடுவதாகச் சொல்வார்கள். நட்டாலும், ஒரு கிளி நுழையும் அளவுக்கு அந்தக் கன்றில் பொந்து விழ எத்தனை பத்தாண்டுகள் ஆகும்?

யாருக்கு லாபம்?

நகரம் எல்லாப் பறவைகளையும் விரட்டுவதில்லை. சிலதுக்கு அது விருந்து. மாடப்புறாவின் மூதாதை பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை. அதற்கு ஏசி அவுட்டோர் யூனிட்டின் மேல்பகுதி கச்சிதமான பாறை. மேலே யாரோ புண்ணியத்துக்குக் கோதுமையும் கொட்டினால், வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும். காகத்துக்கும் கரும்பருந்துக்கும் குப்பைமேடு, இறைச்சிக் கழிவு, மீன் இறங்குதளம் எல்லாம் போதும். கடலூரில் ஆற்றங்கரையோரம் குப்பை சேர்வது உள்ளூரில் பழைய தலைவலி. காகத்தைக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

காகம் பெருகினால் சின்னப் பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. அதே நேரம் காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு அது வசதி. அபார்ட்மென்ட் பகுதியில்கூட விடியற்காலையில் குயில் கூவுவதை 'இயற்கை இன்னும் உயிரோடு இருக்கு' என்று ஸ்டேட்டஸ் வைப்பவர்கள், அது குப்பைத்தொட்டியின் மறைமுக விளைவாகவும் இருக்கலாம் என்பதை யோசிப்பதில்லை.

சத்தம், வெளிச்சம், கண்ணாடி

ஆண் பறவை பாடுவது ஜோடியைக் கூப்பிடவும், 'இது என் ஏரியா' என்று சொல்லவும். பஸ், லாரி, ஜெனரேட்டர் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். அதில் பாட்டு அமுங்கிவிடுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் பட்டாணிக் குருவிகளை ஆராய்ந்தவர்கள், இரைச்சல் மிகுந்த தெருவில் வாழும் பறவைகள் சுருதியை உயர்த்திப் பாடுவதை 2003-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோ அமைதியானபோது, அங்குள்ள வெண்கொண்டைக் குருவிகள் குரலைத் தணித்துப் பாடின. ஆனாலும் அவற்றின் பாட்டு முன்பைவிட அதிக தூரம் கேட்டது. அதாவது, மற்ற நாட்களில் அவை கத்திக்கொண்டு இருந்திருக்கின்றன.

வெளிச்சம் இரண்டு பக்கமும் வெட்டும். தெருவிளக்கைச் சுற்றும் பூச்சியைப் பிடிக்கப் புள்ளி ஆந்தை அங்கேயே உட்கார்ந்திருக்கும், அதற்கு அது ஃபாஸ்ட் ஃபுட். ஆனால் இரவில் வலசை போகும் பறவைகளுக்கு ஒளிரும் கட்டடம் பொறி. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரே ஒரு கட்டடத்தின் கண்ணாடியில் மோதி, ஒரே இரவில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பறவைகள் செத்து விழுந்தன. பிறகு கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒட்டப்பட்டன. மோதல் பெருமளவு குறைந்தது. அவ்வளவு சிம்பிளான தீர்வு. கடலூரிலும் சிதம்பரத்திலும் அந்த உயரத்துக்குக் கட்டடம் இல்லைதான். ஆனால் கண்ணாடி முகப்பு வைத்த ஷோரூமும் திருமண மண்டபமும் நம்ம ஊரிலும் கட்டுகிறார்கள்.

நகரத்தின் தாகமும் பிச்சாவரத்தின் பட்டியலும்

நகரம் எங்கே முடிகிறது? வரைபடத்தில் பார்த்தால் ஊர் எல்லையில். தண்ணீரை வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. சோழர் காலத்து வீராணம் ஏரி 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் தருகிறது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பெருநகரத்தின் தேவை, காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஏரியில் எப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதில் பங்கு வகிக்கிறது. பறவைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. ஏரி நிரம்பி நின்றால் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் வசதி, நீந்தியே மீன் பிடித்துக்கொள்ளும். நடந்து இரை தேடும் உள்ளானுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் கரையோரம் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். மழை பொய்த்த வருடங்களில் ஏரி வறண்டபோது யாருக்குமே இடம் இல்லை.

அப்படியே கிழக்கே வந்தால் பிச்சாவரம். 'இதயக்கனி' காலத்திலிருந்து சினிமாவுக்கும், இப்போது ரீல்ஸுக்கும் பேர்போன அலையாத்திக் காடு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் இதற்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உட்பட 177 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருப்பதாகப் பழைய ஆய்வுகள் சொல்கின்றன. இந்த எண்தான் சுற்றுலாக் கட்டுரைகளில் எல்லாம் வரும்.

அதற்கு அடுத்து வந்த செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் பிச்சாவரத்தில் நீர்ப்பறவைகளைத் திரும்ப எண்ணி, பழைய பட்டியலோடு ஒப்பிட்டு 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பே நீர்ப்பறவை வகைகளில் 'பெரும் சரிவு' என்றுதான் இருந்தது. 2012-ல் இன்னொரு கட்டுரை, ஊர்களிலிருந்து ஓடிவந்து அலையாத்தி வேர்களில் சிக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி எச்சரித்தது. ஆற்றில் வரும் நன்னீர் குறைய, உப்பு கூட, சுற்றிலும் இறால் பண்ணைகள் வர, சேற்றுக்குள் இருக்கும் புழுவும் நண்டும் மாறுகின்றன. அதை நம்பி வரும் பறவை அடுத்த வருடம் வேறு இடம் பார்க்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பிச்சாவரத்தில் சரிவு தெரிய வந்ததற்கு ஒரே காரணம், அதற்கு முன்பே யாரோ உட்கார்ந்து எண்ணி எழுதி வைத்திருந்ததுதான். குருவி விஷயமும் அதேதான். சென்னையிலும் பெங்களூரிலும் நிறையப் பேர் எண்ணியதால் அங்கே குறைந்தது தெரிந்தது. அந்த ஆறு நகரப் பட்டியலில் கடலூர் இல்லை. திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் தேரோடும் வீதிகளிலோ குருவி குறைந்ததா என்ற கேள்விக்கு டீக்கடையில் பதில் கிடைக்கும், டேட்டாவில் கிடைக்காது.

எண்ணுவது எப்படி?

இதற்குப் பட்டம் தேவையில்லை. 2023-ல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த 3 கோடி தகவல்களை வைத்து எழுதப்பட்டது. பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள். 'இ-பேர்ட்' என்ற இலவச ஆப்பில் ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோடு பதிவு செய்தால் அது ஒரு பட்டியல். பெயர் தெரியாத பறவைக்கு 'மெர்லின்' ஆப் குரலைக் கேட்டே க்ளூ கொடுக்கும். அதை அப்படியே நம்பிவிடாமல், பறவையையும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்வது நல்லது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறு, அரிதான பறவையை மட்டும் எழுதுவது. பூநாரை பார்த்தால் போட்டோவோடு போடுவார்கள், காகத்தை விட்டுவிடுவார்கள். ஆய்வாளருக்கு வேண்டியது அந்தக் காகமும்தான். எல்லாவற்றையும் எழுதிய முழுப் பட்டியலில் குருவி இல்லையென்றால், அன்று அங்கே குருவி தென்படவில்லை என்பதும் ஒரு தகவலாகிவிடும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்பும் கல்லூரி வளாகங்களுக்கான கணக்கெடுப்பும் உண்டு. மரங்கள் நிறைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகம் மாதிரி இடத்துக்கு இது சரியான வாய்ப்பு. வெளியே போக நேரமில்லாதவர்கள் கெடிலம் பாலத்து ஓரத்திலோ மேலவீதி மொட்டை மாடியிலோ மாதம் ஒரு தடவை, அதே இடம், அதே காலை 7 மணி, அதே 15 நிமிடம் எண்ணலாம். பைனாகுலர் இல்லாவிட்டாலும் ஆரம்பிக்கலாம். புறாவை எண்ண அது தேவையே இல்லை.