ஊசியும் காய்ச்சலும்

புற்றுக்கட்டியில் ஊசியோ கத்தியோ பட்டால் நோய் உடலெங்கும் பரவிவிடும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர். புரொஸ்டேட் சுரப்பியில் பயொப்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறினால் முதியோர் பின்வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அச்சம் மனித இயல்பே. ஆயினும் அஞ்சத் தக்கது எது, அஞ்சத் தகாதது எது எனப் பகுத்தறிதல் வேண்டும்.

புரொஸ்டேட் என்பது ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்த சிறு சுரப்பி. அது சுரக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவை இரத்தப் பரிசோதனை காட்டும். அவ்வளவு உயர்ந்த மாத்திரத்தே புற்றுநோய் என்று முடிவு கட்டலாகாது. முதுமையில் சுரப்பி பருத்தாலும், கிருமி தொற்றினாலும் அது உயரும். இவ்வாறு உயர்ந்ததன் பேரில் பயொப்சி செய்துகொள்வோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே நோய் காணப்படுகிறது. ஊசியால் பத்துப் பன்னிரண்டு நுண்ணிய துணுக்குகளை எடுத்து உருப்பெருக்கியில் நோக்குவதே பயொப்சி. அவ்வூசியால் நோய் பரவுதல் மிக மிக அரிது.

அவ்வாறாயின் ஆபத்து எங்கே உள்ளது? பிரித்தானியாவில் 1,147 ஆடவரை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை கூறுகின்றன. பயொப்சிக்குப் பின் சிறுநீரில் இரத்தம் கண்டோர் நூற்றுக்கு 66 பேர். வலியுற்றோர் 44 பேர். காய்ச்சல் கண்டோர் 17.5 வீதம், வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோர் 1.3 வீதம் மட்டுமே. இரத்தத்தைக் கண்டு நடுங்கும் நாம் காய்ச்சலைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையோ இதற்கு மாறானது. சிறிதளவு இரத்தம் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனால், மலக்குடல் வழியாக ஊசி செல்லும்போது அங்குள்ள கிருமிகள் குருதியிற் கலந்தால் உயிருக்கே கேடு நேரலாம். முன்கூட்டியே கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி இதனைப் பெரிதும் தடுக்கும். எனினும் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உண்டு. விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட தோல் வழியே ஊசியைச் செலுத்தும் முறையில் இத்தொற்று குறைவு.

ஊவாவின் தோட்டப்புறங்களில் இவ்வுண்மை தனிப்பொருள் பெறுகின்றது. பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்து லயங்களிலிருந்து பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கு வருவது எளிதன்று. வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது. பேர் விழாவிடில் சம்பளமில்லை. எனவே பயொப்சி முடிந்து வீடு திரும்பியவருக்கு இரவில் குளிர்நடுக்கம் கண்டால், கொத்தமல்லி அவித்துக் குடித்து, இரண்டு பனடோலை விழுங்கி, விடியட்டும் என்று காத்திருத்தல் இயல்பு. அக்காத்திருப்பே கொடிது. அடுத்த சில நாள்களுள் காய்ச்சலோ நடுக்கமோ கண்டாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், இரத்தம் கட்டியாக வெளிப்பட்டாலும் உடனே வைத்தியசாலை சேர வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும்.

பயொப்சிக்கு முன்னரே வினவ வேண்டியனவும் உள. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தால் பயொப்சியைத் தவிர்க்கலாகுமா? எவ்வழியாக ஊசி செலுத்தப்படும்? அஸ்பிரின் முதலிய, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உண்போரும் நீரிழிவுடையோரும் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. நோய் உண்டென்று தெரிந்தாலும் கலங்க வேண்டுவதில்லை. சுரப்பிக்குள் அடங்கிய புற்றுள்ள 1,643 பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த பிரித்தானிய ஆய்வொன்றில், அந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவே என 2023இல் அறியப்பட்டது. உடனே சிகிச்சை பெறாது கண்காணிப்பில் இருந்தோரும் அவருள் அடங்குவர்.

வைத்தியசாலைத் துண்டில் எழுதியது விளங்காமல் அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறும் முதியவர் நம்மிடையே பலர். அத்துண்டை வாங்கிப் படித்து, எப்போது அஞ்ச வேண்டும் என்பதைத் தமிழில் எடுத்துரைப்பது அவ்வூர் ஆசிரியராலும் மாணவராலும் ஆகக்கூடிய காரியம். ஒருவர் உயிர் பிழைக்க அது போதியதாகலாம்.