பழக்கினால் பழகுமா முட்டை?

நாமக்கல் என்றதும் நம் நினைவுக்கு வருவது முட்டை. சேலம், நாமக்கல் சமவெளியில் பேருந்தில் செல்லும்போது நீண்ட கோழிப்பண்ணைகளைக் காணலாம். அட்டை அட்டையாக அடுக்கிய முட்டைகள் இங்கிருந்து லாரிகளில் கேரளம் வரை செல்கின்றன. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டையும் இடம்பெற்றது. முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் தருகிறார்கள்.

முட்டை உண்ணாதவர்களுள் சிலர் விரும்பாதவர்கள். மிகச் சிலர் உண்ணவே முடியாதவர்கள். ஒரு வாய் தின்றாலே இவர்களுக்கு உடலில் தடிப்புகள் தோன்றும்; உதடு வீங்கும்; வாந்தி வரும். சில வேளைகளில் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம். இதுவே முட்டை ஒவ்வாமை.

"முட்டை சூடு, அதனால்தான்" என்பார்கள் பெரியவர்கள். "கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்" என்றும் சொல்வார்கள். முதல் கூற்று சரியன்று. இரண்டாவது கூற்று? அதைச் சற்று ஆராய்வோம்.

வெண்கருவில் ஓவால்புமின், ஓவோமியூகாய்டு முதலிய புரதங்கள் உள்ளன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடல், சிலரிடம் இப்புரதங்களையே பகை என்று தவறாக எண்ணி, 'ஐஜிஈ' என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது 'மாஸ்ட்' செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுமுறை முட்டை வந்ததும் அச்செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் கொட்டிவிடும். தடிப்பும் வீக்கமும் அதன் விளைவே.

ஓவால்புமின் வெப்பத்தில் உருக்குலையும். ஓவோமியூகாய்டு எளிதில் குலையாது. வேகவைத்த முட்டையும் சிலருக்கு ஆகாதது இதனால்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இந்த ஒவ்வாமை நீங்கிவிடும். சிலரை மட்டும் விடாது தொடரும்.

இவர்களின் உடலைப் பழக்க முடியுமா? 1908-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்டு இதைச் செய்து காட்டினார். 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முட்டையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை முதலில் மாத்திரையாகக் கொடுத்தார். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். சில மாதங்களில் அவன் முட்டை உண்டான்!

2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விரிவான சோதனையின் முடிவை வெளியிட்டனர். 5 முதல் 11 வயது வரையுள்ள 40 குழந்தைகளுக்கு வெண்கருத் தூளை நாள்தோறும் அளந்து கொடுத்தனர். வேறு 15 பேருக்கு முட்டையே இல்லாத தூளைக் கொடுத்தனர். 10 மாதங்களுக்குப் பின், முதல் குழுவில் 55 சதவீதம் பேர் 5 கிராம் வெண்கருத் தூளைத் தாங்கினர். மற்றக் குழுவில் ஒருவரும் தாங்கவில்லை. 22 மாதங்களில் 10 கிராமையே தாங்கியவர்கள் 75 சதவீதம்.

ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில், 4 முதல் 6 வாரங்கள் தூளை நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தார்கள். அப்போது தேறியவர்கள் 40 பேரில் 11 பேர் மட்டுமே! உடல் பழகியது உண்மை. ஆனால் பலருக்கு அந்தப் பழக்கம் நிலைக்கவில்லை.

எனவே "பழகிவிடும்" என்பது பாதி உண்மை. மறுபாதியில் ஆபத்து இருக்கிறது. இச்சிகிச்சையின்போதே திடீர் ஒவ்வாமை தாக்கலாம். அதனால் சிறப்பு மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, அட்ரினலின் ஊசியை அருகில் வைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறார்கள். கரண்டியால் அளந்து வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

நாளை சத்துணவு வரிசையில் உங்கள் நண்பன் முட்டை வேண்டாம் என்றால், "ஒரு வாய்தானே, தின்னு!" என்று வற்புறுத்தாதீர்கள். தெரியாமல் தின்று அவன் மூச்சுத் திணறினால், உடனே ஆசிரியரிடம் ஓடுங்கள்; தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நமக்குச் சத்தாகும் அதே முட்டை, அவனுக்கு ஆபத்தாகலாம் அல்லவா?