பழைய வீட்டிற்கு மானியம்: இணையத்தில் கிரேடு பார்க்கலாம்

இங்கிலாந்தின் பழைய வீடுகள் பலவற்றில் ஹீட்டரின் வெப்பம் சுவர், கூரை வழியே வெளியேறி, பில் எகிறுகிறது. இதைச் சரி செய்திட, 2025ல் தொடங்கிய வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் திட்டத்தில் உள்ளாட்சி கவுன்சில்கள் மூலம் மானியம் வழங்கப்படுகிறது. வீட்டின் எனர்ஜி சான்றிதழில் டி முதல் ஜி வரையான கிரேடு இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 36,000 பவுண்டுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அங்கு வசிக்கும் வாசகரா? கிரேடு தெரியவில்லையா? பிரவுசரில் கவ் டாட் யுகே அரசுத் தளத்தைத் திறந்து, எனர்ஜி சான்றிதழ் தேடும் பக்கத்தில் போஸ்ட்கோடை டைப் செய்திடுங்கள். கிடைக்கும் பட்டியலில் உங்கள் வீட்டு முகவரியில் கிளிக் செய்திடவும். கிரேடுடன், என்னென்ன வேலைகள் செய்யலாம் என்ற ஆலோசனையும் கிடைக்கும். பிரிண்ட் எடுத்துக் கொண்டு, அதே தளம் மூலம் விண்ணப்பியுங்கள்.

சான்றிதழைத் தேடுவதும் விண்ணப்பிப்பதும் இலவசம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.