வெள்ளைச் சாலைகள்

தார்ச்சாலை வேண்டுமென்று மனுக் கொடுக்கும் ஊர்களை நாம் அறிவோம். ஆனால், சாலைகளைத் தார் பூசாமல் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே ஒரு விழா நடக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? இத்தாலி நாட்டின் டஸ்கனி மாநிலத்தில், கியாந்தி மலைப் பகுதியில், அத்தகைய மிதிவண்டி விழா ஒன்று 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மலையடிவாரச் சிற்றூரில் பிறந்த எனக்கு இச்செய்தி முதலில் வேடிக்கையாகவே பட்டது. எங்கள் ஊருக்குத் தார் வந்த பிறகுதான் பேருந்து வந்தது. பேருந்து வந்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் கல்லூரிப் படியேறினார்கள். அப்படியிருக்க, கப்பிச் சாலையைக் கட்டிக் காக்க அதில் என்ன இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இங்கே கூற விழைகின்றேன்.

மலையும் காடும்

ஃப்ளாரன்ஸ், சியன்னா என்னும் இரு பழம்பெரும் நகரங்களுக்கு இடைப்பட்ட மேடு பள்ளமான நாடே கியாந்தி. இங்குள்ள மலைகள் 900 மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. நம் ஏற்காடு இவற்றைவிட உயர்ந்தது. ஓக் மரங்களும் செஸ்நட் மரங்களும் அடர்ந்த காடுகள். காட்டைத் திருத்திய சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும். மேட்டின் மேல் ஒரு கோட்டை அல்லது ஒரு பண்ணை வீடு. அவ்வீடுகளை நோக்கிக் காட்டினூடே வளைந்து செல்பவைதாம் 'ஸ்ட்ராடே பியாங்கே' எனப்படும் வெள்ளைச் சாலைகள். அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லின் நொறுங்கல் பரவிக் கிடப்பதால் அவற்றுக்கு அந்த வெண்மை. கோடையில் மாவு போலப் புழுதி எழும். மழையிலோ அதே புழுதி குழைந்து சக்கரத்தில் அப்பிக்கொள்ளும்.

விழா நடப்பது காயோலே என்னும் சிற்றூரில். 'வீரம் செறிந்தது' என்று பொருள்படும் 'லெரோயிகா' என்பது அதன் பெயர். சாலைகளுக்குத் தார் வருமுன், புழுதியிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டிய பழைய வீரர்களை நினைவூட்டும் பெயர் அது. ஜியான்கார்லோ ப்ரோச்சி என்பவர் இதைத் தொடங்கியபோது வந்தவர்கள் 92 பேர். பின்னர் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வரலாயினர். 1987ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பந்தய மிதிவண்டிக்கு அங்கு இடமில்லை என்பது சுவையான விதி. மிக நீண்ட பாதை 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதில் ஏறத்தாழப் பாதி வெள்ளைச் சாலை. விடியுமுன் புறப்பட்டு, ப்ரோலியோ கோட்டை மேட்டில் ஏறி, மோன்தால்சீனோ, அஷியானோ முதலிய ஊர்களைச் சுற்றி மீண்டும் காயோலே வந்து சேர வேண்டும். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 3,000 மீட்டருக்கு மேல் வரும். கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு (2,637 மீட்டர்) ஏறுவதைக் காட்டிலும் அது அதிகம். உயரம் குறைந்த மலைகள்தாமே என்று அவற்றை எளிதாக எண்ணிவிடலாகாது!

2007இல் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் இச்சாலைகளில் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செல்லாரா 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதில் வென்றார். ஒரு வெள்ளைச் சாலைப் பகுதிக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

கல் மேல் ஓடும் கலை

கப்பிச் சாலையில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. காற்றைக் கல்லைப் போல் அடைத்த மெல்லிய டயர் சரளையில் துள்ளும். துள்ளும் நேரமெல்லாம் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பில்லை. அகன்ற டயரில் காற்றைச் சற்றே குறைத்துவிட்டால் அது கல்லைத் தழுவிக்கொண்டு உருளும். மிகவும் குறைத்தாலோ, கூர்ங்கல்லில் மோதும்போது ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து அது வழுக்கும். ஆதலால் உட்கார்ந்தபடியே, எளிய கியரில், சீராக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தை அடக்க வேண்டும். வளைவுக்குள் புகுந்தபின் முன் பிரேக்கை அழுத்துபவர் மண்ணைக் கவ்வுவார்.

இதற்கென்றே இந்நாளில் 'கிராவல் பைக்' என்ற வண்டி விற்பனைக்கு வந்துள்ளது. அதன் டயர் அகலம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நம் வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருக்கும் 28 அங்குலச் சக்கர வண்டியின் டயர் ஒன்றரை அங்குலம். அதாவது ஏறக்குறைய அதே அகலம்! அவ்வகை வண்டி உருவானதே கரடுமுரடான சாலைகளுக்காகத்தான். பால்கேனும் நெல்மூட்டையும் சுமந்து நம் பாட்டனார் கப்பி ரோட்டில் மிதித்ததை இன்று பணக்கார நாடுகளில் பொழுதுபோக்காகப் பயில்கிறார்கள். கியர் இல்லை, எடை மிகுதி என்ற குறைகள் மட்டுமே அதற்கு உண்டு.

வரலாறு காட்டும் முரண்

வரலாற்று மாணவன் என்ற முறையில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. நல்ல சாலை வேண்டுமென்று உரக்கக் குரல் கொடுத்தவர்களுள் முன்னோடிகள் மிதிவண்டிக்காரர்களே. அமெரிக்காவில் 1880இல் தோன்றிய மிதிவண்டியாளர் சங்கம், மோட்டார்கள் பெருகுவதற்கு முன்பே சாலைகளைச் செப்பனிடக் கோரிப் பேரியக்கம் நடத்தியது. ஒரு நூற்றாண்டு கழித்து, அதே மிதிவண்டிக்காரர்களின் வழிவந்தவர்கள் 'தார் வேண்டாம்' என்கிறார்கள். ஏன்? நல்ல சாலை வந்ததும் அதை மோட்டார்கள் எடுத்துக்கொண்டன. புழுதி நிறைந்த பாதைதான் மிதிவண்டிக்கு அமைதியான இடமாக எஞ்சிற்று.

சரி, கியாந்தியில் மட்டும் அச்சாலைகள் எப்படித் தப்பின? அங்கே நெடுங்காலம் வார முறை வழங்கி வந்தது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு குடியானவன் வீடு. அவ்வீட்டுக்கு ஒரு வெள்ளைச் சாலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்மக்கள் ஆலை வேலை தேடிக் கூட்டங்கூட்டமாக நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1964இல் இத்தாலியச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்குள் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத வீட்டுக்கு யார் தார் போடுவார்கள்? இன்று பயணிகள் கண்டு மயங்கும் வெள்ளைச் சாலைகளில் பல, மக்கள் வெளியேறியதால் எஞ்சியவை. அழகு என்று நாம் காண்பதற்குள் ஒரு பழைய வறுமை ஒளிந்திருக்கிறது.

நமக்கு என்ன?

ஆகவே கியாந்தியைக் காட்டி, 'மலைச் சாலைகளுக்குத் தார் வேண்டாம், இயற்கை கெடும்' என்று யாரேனும் நம் நாட்டில் பேசினால் நான் ஒப்பமாட்டேன். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை டோலி கட்டித் தூக்கிவரும் மலைக் கிராமங்கள் இன்னும் நம்மிடையே உள்ளன. அவர்களுக்குச் சாலை என்பது உயிர். கியாந்திக்காரர்களுக்கு வேறு தார்ச்சாலைகள் இருந்தன. பள்ளியும் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் இருந்தன. எல்லாம் கிடைத்த பிறகு, இதை மட்டும் இப்படியே விட்டுவைப்போம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு வாய்த்தது.

ஆனால் அவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. ஏரிக்கரைப் பாதை, தோப்புக்குள் செல்லும் வண்டித்தடம், பழைய கப்பி ரோடு என்று நம்மிடமும் எத்தனையோ உள்ளன. பக்கத்திலேயே நல்ல தார்ச்சாலை ஓடும் இடங்களில் இவற்றைக் குப்பைமேடாக்காமல், நடப்பவர்க்கும் மிதிவண்டிக்காரர்க்கும் என்று ஒதுக்கினால் செலவு மிகக் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் லாரிக்கு அஞ்சாமல் போய்வரலாம். காப்புக்காடுகளுக்குள் செல்வது மட்டும் வேறு செய்தி. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே நுழைதல் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

எந்தச் சாலைக்குத் தார் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அச்சாலையில் நாள்தோறும் நடப்பவரே கூற வேண்டும். ஓய்வு நாளில் ஒருமுறை வந்து போகிறவர் அவர்களுக்காக முடிவு செய்யலாகாது. கியாந்தியின் வெள்ளைச் சாலைகளைப் பற்றி அறிந்தபின் எனக்குத் தோன்றியது இதுவே.