காவிரி சென்று சேரும் பழந்துறைகள்

குமாரபாளையத்து மக்களுக்குக் காவிரி என்றதும் எதிர்க்கரைப் பவானி நினைவுக்கு வரும். பரிசல் நினைவுக்கு வரும். தறிச் சத்தமும் சாய நூலும் நினைவுக்கு வரும். அதே ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் யவன வணிகர் வந்து தங்கிய துறைமுகம் ஒன்று இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

துருக்கி நாட்டின் தென்கரையில் கெக்கோவா என்றொரு தீவு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கங்களால் அதன் வடகரையில் இருந்த ஊர் நீரில் அமிழ்ந்தது. பாறையில் வெட்டிய படிக்கட்டுகள் இன்றும் கடலுக்குள் இறங்கிச் செல்கின்றன. கிரேக்கப் பண்பாடு வேரூன்றிய அந்தக் கரையைக் காணப் பயணிகள் கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் செல்கிறார்கள். ஒரு சாண் ஆழ நீரிலும் மிதக்கும் அப்படகுக்கு இயந்திரம் இல்லை; இரைச்சலும் இல்லை. அமிழ்ந்த ஊரின்மேல் நீந்தவோ மூழ்கவோ கூடாதென அரசு தடை விதித்துள்ளது. பார்ப்பதற்கு அனுமதி உண்டு, கலைப்பதற்கு இல்லை.

இத்தகைய சின்னங்களைத் தேடி நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளும் இத்தாலிய மட்கலங்களும் கிடைத்தன. கிரேக்க மாலுமிகளின் நூலொன்றில் வரும் ‘பொதுகே’ இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

காவிரியின் முகத்துவாரத்தில் இருக்கும் பூம்புகாரைக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி ‘கபேரிஸ்’ என்று குறித்தார். அதன் அருகே கீழையூரில் 1960களில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகுகளைப் பிணைக்க நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. அலைகள் வந்து மீளும் இடத்திலேயே பழைய உறைகிணறுகள் காணப்பட்டன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் கடலுக்கு அடியிலும் இறங்கித் தேடினர். மனிதன் கட்டிய துறையைக் கடல் எடுத்துக்கொள்ள எத்தனை காலம் ஆகும்? பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை பலமுறை ஏவுவதன் பொருள் இங்கே விளங்கும்.

யவனர் போன பின்பும் இக்கரை வெறிச்சோடிவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரை ஏற்றிய மரக்கலங்கள் காயல் துறைக்கு வந்ததை எழுதியுள்ளார். 1344இல் இலங்கையிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் நம் கரைக்கு அருகே உடைந்தது. உடன் வந்தோரைக் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் கப்பலிலேயே கிடந்தார். விடிந்ததும் படகில் வந்து அவரை மீட்டவர்கள் முஸ்லிமல்லாத கரையோர மக்கள். இதை அவரே தம் பயண நூலில் பதிந்துள்ளார். மொழியும் மார்க்கமும் அறியாத அந்நியனுக்கு நீண்ட அந்தக் கைகளை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பின்னர் அவர் கண்ட ‘ஃபத்தன்’ துறையில், கடலுக்குள் பெருமரங்களை நட்டு எழுப்பிய மண்டபமும் அழகிய கற்பள்ளிவாசலும் இருந்தன. அது இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினமே என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். 1980களில் அங்கு நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்த மர மண்டபம் இன்று இல்லை.

மரமும் செங்கல்லும் கடலுக்குப் போயின; அது இறைவனின் நாட்டம். ஆனால் கல் கடலால் மட்டுமா அழிகிறது? கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் தமிழ்ச் சிற்பியர் செதுக்கிய தூண்களோடு பழைய பள்ளிவாசல்கள் நிற்கின்றன. இடம் போதவில்லை என்று இத்தகைய கற்பள்ளியை இடித்துக் கான்கிரீட்டில் எழுப்பும் ஆர்வம் நம்மிடையே பெருகி வருகிறது. தொழுகைக்கு இடம் தேவைதான், மறுப்பாரில்லை. எனினும் பழையதை நிறுத்திக்கொண்டு பக்கத்தில் விரிவாக்கலாமே! எழுத்துப் பொறித்த மீசான் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினால், இந்த மண்ணில் நம் முன்னோர் வாழ்ந்ததற்கான சாட்சியை நம் கையாலேயே மறைத்தவர்களாவோம்.

அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு பூம்புகாருக்கோ அரிக்கமேட்டுக்கோ சென்று வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் புயல் மழைக் காலத்தைத் தவிருங்கள். படகில் ஏறினால் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை அணிவியுங்கள். கரையறிந்த மீனவரின் சொல்லை மீறாதீர்கள். காலில் ஓர் ஓட்டுச்சில்லு தட்டுப்பட்டால் பையில் போடாமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அது எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. இடம் பெயர்ந்தால் அது வெறும் ஓடு. நமக்குப் பின் வரும் பிள்ளைகளும் பார்க்க வேண்டிய அமானிதம் அது.