நத்தைக் கோழையில் இருக்கும் மருந்து

மழை விட்ட காலையில் பப்பாளித் தண்டிலும் மதில் சுவரிலும் உள்ளங்கை அளவுக்கு ஊர்ந்து திரியும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை, தோட்டம் வைத்திருப்பவர்கள் பார்த்த இடத்திலேயே உப்புப் போட்டுக் கொல்கிறார்கள். 1847இல் கொல்கத்தாத் தோட்டம் ஒன்றில் கொண்டுவந்து விடப்பட்ட இந்த இனம் பயிர்களைத் தின்று தீர்க்கிறது, கோபம் நியாயமானதுதான். ஆனால் அதன் உடம்பில் ஊறும் கோழையில், புண் ஆற்றும் மருந்துக்கான அருமையான சரக்கு இருக்கிறது.

ஓட்டுக்கு வெளியே நத்தைக்கு இருப்பது ஈரமான மெல்லிய தோல் மட்டுமே. முள்ளிலும் எருக்குழியிலும் உராய்ந்து நகரும் அந்தத் தோலுக்குக் கோழைதான் காவல். பெரும்பகுதி தண்ணீர், மிச்சமுள்ள கொஞ்சத்தில்தான் விஷயமே இருக்கிறது. 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிலிருந்து பாக்டீரியாவைக் கொல்லும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அக்காசின் என்று பெயர். அமினோ அமிலங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் நொதி அது. புண்ணைக் கழுவ ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதே பெராக்சைடுதான். அக்காசின் வளரும் பாக்டீரியாவின் மேலேயே போய் ஒட்டிக்கொள்வதால், பெராக்சைடு அங்கேயே, அதன் மேலேயே சுரக்கிறது.

கிருமி செத்தால் மட்டும் புண் ஆறிவிடாது. சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் அழற்சி அடங்குவதே இல்லை. கிருமியைத் தின்ன வந்த வெள்ளணுக்கள் சண்டைக் கோலத்திலேயே நின்றுவிடுகின்றன, புதுச் சதை வளர வழிவிடுவதில்லை. சீன ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். நத்தைக் கோழையை உறையவைத்து உலர்த்தினார்கள். அந்தப் பொருள் புண்ணின் ஈரத்தைக் குடித்துக் களியாகி, ஈரத் தோலிலும் பற்றிக்கொண்டது. அதில் ஹெப்பாரினைப் போன்ற, கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி ஒன்று இருக்கிறது. அது வெள்ளணுக்களைச் சண்டையிலிருந்து சீரமைப்பு வேலைக்குத் திருப்பியது. சர்க்கரை நோயுள்ள எலிகளின் புண்கள் விரைவாக ஆறின.

ஆனால் புண் ஆறியது எலிகளில்தான். மனிதருக்கான மருந்தாக வர இன்னும் பல கட்டச் சோதனைகள் வேண்டும். அதுவரை யாரும் நத்தையைப் பிடித்துப் புண்ணில் தேய்க்கக் கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம்புழுக்கள் இந்த நத்தையில் இருக்கலாம். கை வழியே வாய்க்குப் போனால் மூளை உறையில் அழற்சி உண்டாகும் ஆபத்து உண்டு. நத்தையை எடுக்க நேர்ந்தால் கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவுங்கள்.